எல், எய்யா, லேய், யா: ரொமான்ஸ் மொழிகளில் பெண்பால் பிரதிப்பெயரைப் பழகுவது எப்படி?

பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவர்கள், பாரிஸிலோ பலெர்மோவிலோ குடியேறி அந்த ஊர் மொழியைப் பிடித்தாக வேண்டிய நிலையில் இருப்பவர்கள், ஆர்வத்தால் ஸ்பானிஷ் தொடங்கியவர்கள் என எல்லோரும் ஆரம்பத்திலேயே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'அவள்' என்பதற்கு அகராதியில் ஒரே ஒரு சொல் கிடைக்கிறது. ஆனால் பேச்சில் அதே இடத்தில் லா வருகிறது, லே வருகிறது, லுயி வருகிறது. பெண்ணே இல்லாத வாக்கியத்தில் மேசைக்கும் கடிதத்துக்கும்கூட வந்து நிற்கிறது. இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரொமான்ஸ் மொழிகள் என்பவை லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ், ருமேனியன் போன்றவை. அவற்றின் இந்தப் பிரதிப்பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தவை. அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டு, அது எங்கே அழுத்தமாக ஒலித்தது, எங்கே அழுத்தமில்லாமல் தேய்ந்தது என்று பார்த்தால் பட்டியல் தானாக மனதில் பதியும்.

பிறமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஓரளவு உச்சரிப்பை ஒட்டித் தந்திருக்கிறேன். சரியான ஒலியை ஒலிப்பதிவு கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 1: 'அவள்' என்று நினைப்பதை நிறுத்துங்கள்

தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. உயர்திணையில் பெண் என்றால் அவள், அஃறிணை என்றால் அது. ரொமான்ஸ் மொழிகளில் பால் முதலில் சொல்லுக்கு உரியது. பிரெஞ்சில் மேசை, 'லா தாப்ல்', பெண்பால். அதனால் மேசை எங்கே என்று கேட்டால் 'எல்' அங்கே இருக்கிறது என்றுதான் பதில் வரும். யாரும் மேசையைப் பெண்ணாகக் கற்பனை செய்வதில்லை. அந்தப் பெயர்ச்சொல்லின் பாலோடு பிரதிப்பெயர் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பால் மொழிக்கு மொழி மாறும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பால் (பசும்பால்தான்) பிரெஞ்சில் ஆண்பால், இத்தாலியனில் ஆண்பால், ஸ்பானிஷில் மட்டும் 'லா லேச்சே' என்று பெண்பால். பல் பிரெஞ்சில் பெண்பால், ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் ஆண்பால். பூ பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் பெண்பால், இத்தாலியனில் 'இல் ஃபியோரே' என்று ஆண்பால். ஒரு மொழியில் தெரிந்ததை இன்னொன்றில் அப்படியே நம்பாதீர்கள்.

மனிதர்களைக் குறிக்கும் சொற்களிலும் இது நடக்கும். பிரெஞ்சில் பாதிக்கப்பட்டவர் 'லா விக்தீம்'. அவர் ஆறடி உயர ஆணாக இருந்தாலும், செய்தியில் அந்தச் சொல்லைத் தொடரும் வாக்கியம் 'எல்' என்று போகலாம். ஆள் என்ற பொதுப்பொருளில் வரும் 'பெர்சோன்', காவலாள் என்ற 'சான்தினெல்' எல்லாம் இந்த வகைதான். இத்தாலியனில் வழிகாட்டி 'லா க்வீதா', ஒற்றர் 'லா ஸ்பீயா'. செய்தித்தாள் படிக்கும்போது 'எல்' என்று கண்டதும் பெண் என்று முடிவு கட்டாமல், முந்தைய வாக்கியத்தில் எந்தப் பெயர்ச்சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

எனவே புதுச் சொல்லை எழுதி வைக்கும்போது தனியாக எழுதாதீர்கள், முன்னால் வரும் ஆர்ட்டிகிளோடு (ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல்) சேர்த்து எழுதுங்கள். 'தாப்ல் = மேசை' என்று எழுதினால் பிற்பாடு திண்டாட்டம். 'லா தாப்ல்' என்று எழுதினால் பிரதிப்பெயரும் கூடவே கைக்கு வந்துவிடும். ஏன் என்பதற்கு அடுத்த படியில் விடை இருக்கிறது.

படி 2: இல்லா என்ற தாய்ச்சொல்லைப் பிடியுங்கள்

செவ்வியல் லத்தீனில் அவன், அவள், அது என்பதற்கு 'இஸ், எயா, இத்' என்ற குட்டிச் சொற்கள் இருந்தன. பேச்சில் அவை தேய்ந்து மறைந்தன. அந்த இடத்துக்கு வந்தது தூரத்தில் இருப்பதைச் சுட்டும் 'இல்லே' என்ற சொல். அதன் பெண்பால் 'இல்லா', 'அந்தப் பெண்' அல்லது பெண்பாலான 'அந்தப் பொருள்'. தமிழ் தெரிந்தவருக்கு இது புதிதே இல்லை. நம் அவளும் 'அ' என்ற சுட்டிலிருந்து பிறந்த சுட்டுப்பெயர்தான். இவள், அவள், எவள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் லத்தீனில் நடந்தது உடனே விளங்கும்.

மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தை ஒரு பெண்ணின் எழுத்திலேயே பார்க்கலாம். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஜீரியா என்ற பெண் புனித பூமிக்குப் பயணம் போய், ஊரில் இருந்த தன் சகோதரிகளுக்கு அதை விரிவாக எழுதினாள். அந்தக் கையெழுத்துப் பிரதி 1884இல் இத்தாலியின் அரெட்ஸோவில் கிடைத்தது. அவளுடைய லத்தீனில் 'இல்லே', 'தானே' என்று அழுத்தும் 'இப்ஸே' என்ற சொற்கள் பழைய இலக்கணம் கேட்காத இடங்களிலெல்லாம் தாராளமாக வருகின்றன. ஏறக்குறைய 880இல் எழுதப்பட்ட, புனித எயுலாலியாவைப் பற்றிய பழைய பிரெஞ்சுப் பாடலில் 'எல்லெ' என்ற சொல் இன்றைய அதே எழுத்துக்கூட்டலோடு நிற்கிறது.

இனி முக்கியமான இடம். 'இல்லா' அழுத்தமாக ஒலித்த இடத்தில் முன்பாதியும் தப்பியது. அங்கிருந்து பிரெஞ்சின் எல், ஸ்பானிஷின் எய்யா, போர்ச்சுகீஸின் எலா, ருமேனியனின் யா எல்லாம் வந்தன. அழுத்தமில்லாமல் வினைச்சொல்லையோ பெயர்ச்சொல்லையோ ஒட்டி நின்ற இடத்தில் முன்பாதி உதிர்ந்து 'லா' மட்டும் மிஞ்சியது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்ற லா ஆர்ட்டிகிள் ஆனது. வினைச்சொல்லை ஒட்டிய லா 'அவளை, அதை' என்ற பிரதிப்பெயர் ஆனது. ஆர்ட்டிகிளும் பிரதிப்பெயரும் ஒரே உருவில் இருப்பது அதனால்தான். போர்ச்சுகீஸ் அந்த 'ல'வையும் விட்டுவிட்டது, அங்கே வெறும் 'அ' மட்டும்.

ருமேனியனில் வேறு மாதிரி. 'அவளை' என்பதற்கு அங்கே 'ஓ'. கேட்க லாவுக்குத் தொடர்பே இல்லாதது போல இருந்தாலும் அதுவும் அதே லத்தீன் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து வந்ததுதான். போர்ச்சுகீஸில் அதே ஒற்றை எழுத்து 'அவனை' என்று பொருள் தரும். இரண்டு மொழியையும் சேர்த்துப் படிப்பவர்கள் இங்கே கவனமாக இருங்கள். காதால் குழம்பும் இன்னொரு ஜோடியும் உண்டு: பிரெஞ்சில் 'எல்' என்றால் அவள், ஸ்பானிஷில் 'எல்' என்றால் அவன்.

எல்லா ஊரும் இல்லாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. இத்தாலியின் சார்தீனியத் தீவில் இப்ஸேயின் பெண்பாலான 'இப்ஸா' வென்றது. அங்கே அவள் 'இஸ்ஸா', ஆர்ட்டிகிள் 'சா'. மயோர்க்கா உள்ளிட்ட பலெயாரிக் தீவுகளின் கத்தலான் பேச்சிலும் ஆர்ட்டிகிள் 'சா'தான். ருமேனியனில் மரியாதையாக 'அவர்' என்று ஒரு பெண்ணைச் சொல்லும் 'தன்ஸா'வும் இப்ஸா வழி வந்ததே.

படி 3: வேற்றுமையை வைத்து அடுக்குங்கள்

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே ஒரு வசதி. பிரதிப்பெயரை எழுவாய், இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, முன்னிடைச்சொல்லுக்கு (நம் 'ஓடு' போன்ற பொருளில், ஆனால் பெயருக்கு முன்னால் வரும் சொல்) பின் வருவது என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'அவளைப் பார்க்கிறேன், அவளிடம் பேசுகிறேன், அவளோடு' என்ற மூன்றையும் ஐந்து மொழிகளில் சொல்லிப் பார்ப்போம்.

பிரெஞ்சு: ஜ லா வ்வா, ஜ லுயி பார்ல், அவெக் எல்.
ஸ்பானிஷ்: லா வேஓ, லே ஆப்லோ, கோன் எய்யா.
இத்தாலியன்: லா வேதோ, லே பார்லோ, கோன் லேய்.
போர்ச்சுகீஸ்: வேஜு-அ, ஃபாலு-ல்யெ, கோங் எலா.
ருமேனியன்: ஓ வத், ஈ வொர்பெஸ்க், கு யா.

போர்ச்சுகீஸ் வரி போர்ச்சுகலின் வழக்கு. பிரேசிலில் பேச்சில் 'வேஜு எலா' என்று எழுவாய் வடிவத்தையே செயப்படுபொருளுக்கும் போடுவார்கள். பள்ளி இலக்கணம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் தினமும் கேட்கப்போவது அதைத்தான்.

நடுவில் உள்ள நான்காம் வேற்றுமையை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். லத்தீனில் 'அவனுக்கு', 'அவளுக்கு' இரண்டுமே 'இல்லீ'. பால் வேறுபாடு இல்லை. ஸ்பானிஷின் லே அதை அப்படியே வைத்திருக்கிறது, லே அவனுக்கும் அவளுக்கும் பொது. காஸ்தீலியப் பகுதியில் சிலர் அவளுக்கு என்பதற்கும் லா போடுவார்கள், ஸ்பானிஷ் மொழிக்கழகம் அதைத் தவறு என்கிறது. நீங்கள் லேயிலேயே இருங்கள். பிரெஞ்சின் லுயியும் இந்த இடத்தில் இருபாலுக்கும் பொது. இத்தாலியன் மட்டும் பிரித்து வைத்திருக்கிறது: அவளுக்கு லே, அவனுக்கு ல்யி.

பேச்சு லத்தீனில் மக்கள் இந்தக் குறையை உணர்ந்து புதிதாக 'இல்லூயி', 'இல்லேயி' என்று ஆண்பால், பெண்பால் வடிவங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். இத்தாலியனின் லூயி, லேய் அங்கிருந்து வந்தவை. ஆக இன்று இத்தாலியில் 'அவள்' என்று எழுவாயாகச் சொல்லும் லேய், பிறப்பால் 'அவளுக்கு'. இல்லா வழி வந்த பழைய 'எல்லா' இப்போது ஏட்டில் மட்டும் இருக்கிறது. நாவலாசிரியர் மன்ட்ஸோனி தன் பெரிய நாவலை 1840களின் தொடக்கத்தில் திருத்தி வெளியிட்டபோது பேச்சு வழக்கான லூயி, லேயை எழுவாயாகத் தாராளமாகப் போட்டார். எழுத்திலும் அவை நிலைக்க அது பெரிய துணை.

ஸ்பானிஷில் ஒரு கண்ணி: தண்ணீர் 'எல் ஆக்வா'. முன்னால் உள்ள 'எல்' என்ற ஆர்ட்டிகிளைப் பார்த்து ஆண்பால் என்று எண்ணிவிடுவோம். உண்மையில் அது பெண்பால். இல்லா என்பது 'எலா' ஆகி, அழுத்தமான 'ஆ'வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் கடைசி ஆ மறைந்து எல் ஆனது. எனவே 'தண்ணீரைக் குடித்தேன்' என்பதை அடுத்து 'அதைக் குடித்தேன்' என்றால் 'லா பெபீ' என்றுதான் வரவேண்டும்.

படி 4: எழுவாயை எப்போது விடலாம்?

'வந்தாள்' என்றால் போதும், தமிழில் பெண் என்று தெரிந்துவிடும். ஸ்பானிஷ், இத்தாலியன், ருமேனியன் மூன்றிலும் நம்மைப் போலவே எழுவாயை விட்டுவிடலாம். ஆனால் அவர்களுடைய வினைமுற்றில் பால் இல்லை. ஸ்பானிஷில் 'வியெனே' என்றால் வருகிறான், வருகிறாள், வருகிறது எதுவாகவும் இருக்கலாம். அதனால் யாரைப் பற்றிய பேச்சு என்பது முன்பே தெளிவாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஆள் மாறும் இடத்திலும் ஒப்பிட்டுச் சொல்லும் இடத்திலும் எய்யா, லேய் என்று சொல்லுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் எய்யா போட்டால் ஸ்பானிஷ்காரர் காதுக்கு அது வலிந்து அழுத்துவது போலிருக்கும். உயிரற்ற பொருளை எழுவாயாக எய்யா, லேய் என்று சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள், அங்கே எழுவாய் இல்லாமல் இருப்பதே இயல்பு.

பிரெஞ்சில் இந்தச் சலுகை கிடையாது. ஆளோ பொருளோ, எல் போட்டே ஆகவேண்டும்.

படி 5: ஒரு கடிதத்தை வைத்துப் பழகுங்கள்

கடிதம் என்ற சொல் ஐந்து மொழியிலும் பெண்பால் என்பது நமக்கு வசதி. 'அதை எழுதிவிட்டேன்' என்று சொல்லுங்கள்.

பிரெஞ்சில் 'ஜ லே எக்ரீத்'. இங்கே லா தன் உயிரொலியை இழந்து 'ல்' மட்டும் ஆகி 'ஏ'யோடு சேர்ந்துவிட்டது. பிரதிப்பெயரில் பால் மறைந்தது, ஆனால் வினையெச்சத்தின் கடைசி 'த்'தில் வெளிப்படுகிறது. ஆண்பால் பொருளாக இருந்தால் வெறும் 'எக்ரீ'. செயப்படுபொருள் முன்னால் வந்தால் இப்படி ஒத்துப்போக வேண்டும் என்ற விதியை இத்தாலியனைக் காட்டி வலியுறுத்தியவர் 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் க்ளெமான் மரோ. பல வினைகளில் இந்த ஒத்திசைவு எழுத்தில் மட்டும் தெரியும், காதுக்குக் கேட்காது. எழுதினேன், எடுத்தேன், வைத்தேன் போன்றவற்றில் கேட்கும். அவற்றை முதலில் பழகினால் காதே விதியைச் சொல்லிக்கொடுக்கும்.

இத்தாலியனில் 'லோ ஸ்க்ரித்தா', இங்கும் லா சுருங்கி, கடைசி 'ஆ'வில் பெண்பால் தெரிகிறது. ஸ்பானிஷில் 'லா எ எஸ்க்ரீதோ', லா முழுசாக நிற்கிறது, வினை மாறுவதே இல்லை. போர்ச்சுகலில் 'எஷ்க்ரெவீ-அ'. ருமேனியனில் 'ஆம் ஸ்க்ரிஸ்-ஓ', மற்ற பிரதிப்பெயர்கள் முன்னால் நிற்க, இந்த ஓ மட்டும் இந்தக் காலத்தில் வால் பக்கம் போய்விடுகிறது. ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பால் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெளிவாகும்.

படி 6: 'அவளுடைய' என்று வரும்போது

பிரெஞ்சில் 'சா மேர்' என்றால் அவனுடைய அம்மாவும்தான், அவளுடைய அம்மாவும்தான். 'சா' பெண்பாலாக இருப்பது அம்மா என்ற சொல்லுக்காக, உடையவருக்காக அல்ல. இத்தாலியனின் 'சூஆ'வும் அப்படியே. ஸ்பானிஷின் 'சு' எந்தப் பாலையும் காட்டாது. குழப்பம் வரும் என்று தோன்றினால் ஸ்பானிஷில் 'தே எய்யா' என்று சேர்த்துவிடுங்கள். போர்ச்சுகீஸ்காரர்கள் 'தே'வையும் எலாவையும் ஒட்டி 'தேலா' ஆக்கிவிட்டார்கள். 'உ லீவ்ரு தேலா' என்றால் சந்தேகமே இல்லாமல் அவளுடைய புத்தகம். ருமேனியனில் 'யேய்' என்பது அவளுடைய, 'லுயி' என்பது அவனுடைய. ஆனால் 'அவர்கள்' என்ற ஆண்பால் பன்மையும் யேய்தான், இடத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

படி 7: இத்தாலியில் மரியாதைக்கும் அவளே

இத்தாலியில் கடைக்காரரிடமும் டாக்டரிடமும் அறிமுகமில்லாத பெரியவரிடமும் 'நீங்கள்' என்பதற்கு லேய் என்கிறார்கள். எதிரே நிற்பவர் ஆணாக இருந்தாலும் லேய்தான். வினையும் படர்க்கை ஒருமை. இதற்கும் காரணம் பெயர்ச்சொல்லின் பால். பெரியவர்களை நேராக அழைக்காமல் 'தங்கள் மேன்மை', 'தங்கள் மாட்சிமை' என்ற வகையில் சுற்றி அழைத்த காலம் அது. அந்தச் சொற்கள் எல்லாம் பெண்பால். அவற்றைத் தொடர்ந்து வந்த பிரதிப்பெயர் லேய் ஆனது. அழைப்புச்சொல் போய்விட்டது, லேய் தங்கிவிட்டது. ஸ்பானிஷின் 'உஸ்தேத்', போர்ச்சுகீஸின் 'வோசே' இரண்டும்கூட 'தங்கள் கருணை' என்ற பெண்பால் தொடர் சுருங்கி வந்தவைதான், ஆனால் அவற்றில் பெண்பாலின் தடயம் இல்லை.

எனவே ஓர் ஆணுக்கு நன்றி சொல்லும்போதும் 'லா ரிங்க்ராட்ஸியோ', விடைபெறும்போதும் 'அர்ரிவெதேர்லா'. பெயரடை மட்டும் ஆளைப் பார்த்து வரும். களைத்த ஆணிடம் 'லேய் எ ஸ்தான்கோ?' என்று ஆண்பாலில் கேட்பார்கள்.

1938இல் முசோலினி ஆட்சி இந்த லேயை அந்நிய அடிமைத்தனம் என்று சொல்லித் தடை செய்து, எல்லோரும் முன்னிலைப் பன்மையான 'வோய்' என்றே அழைக்க வேண்டும் என்றது. 'லேய்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பெண்கள் பத்திரிகைக்கும் அப்போது அன்னாபெல்லா என்று பெயர் மாறியது, அங்கே லேய் என்பது வெறும் 'அவள்' என்ற பொருளில் இருந்தும்கூட. ஆட்சி வீழ்ந்ததும் லேய் திரும்பி வந்துவிட்டது. தெற்கு இத்தாலியில் மரியாதைக்கு வோய் சொல்லும் பழைய வழக்கம் இன்றும் உண்டு, அதைக் கேட்டால் தவறாக எண்ண வேண்டாம்.

படி 8: பன்மை

ஸ்பானிஷில் எய்யாஸ், போர்ச்சுகீஸில் எலாஸ், ருமேனியனில் யெலே. பிரெஞ்சில் எழுத்தில் ஓர் எழுத்து கூடும், காதுக்கு அதே எல். இத்தாலியனின் லோரோவில் பால் இல்லை. ஸ்பானிஷில் பேசுபவர்கள் எல்லோரும் பெண்கள் என்றால் 'நாங்கள்' என்பதே 'நோஸோத்ராஸ்' ஆகும், பெண் வாசகர்கள் இதை மறக்கக் கூடாது. கூட்டத்தில் ஓர் ஆண் இருந்தாலும் ஆண்பால் பன்மைக்குப் போக வேண்டும் என்பதே இந்த மொழிகளின் பள்ளி விதி. அதை எதிர்த்துப் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. பெண்பாலான 'எல்', ஆண்பாலான 'ஈல்' இரண்டையும் கலந்து உண்டாக்கிய, பால் காட்டாத 'ய்யெல்' என்ற சொல்லை 2021இல் ரொபேர் அகராதி தன் இணையப் பதிப்பில் சேர்த்தபோது பிரான்சில் பெரிய சர்ச்சையே எழுந்தது.

படி 9: எதையும் சுட்டாத லா

பாடப்புத்தகம் கடைசியில் வைக்கும் இதை நான் சீக்கிரமே கற்கச் சொல்வேன், தெருவில் தினம் கேட்பது இதுதான். இத்தாலியர் ஒருவர் சோர்ந்துபோய் 'நோன் சே லா ஃபாச்சோ ப்யூ' என்றால் 'இனிமேல் என்னால் முடியாது' என்று அர்த்தம். எந்த லா என்று தேடாதீர்கள். பொருள், விஷயம் என்ற 'கோஸா' பெண்பால், அது மறைந்து நிற்பதாக வைத்துக்கொண்டால் நினைவில் இருக்கும். 'ஸ்மெத்திலா' என்றால் போதும் நிறுத்து. இத்தாலியன் பேசுவீர்களா என்று கேட்டால் 'மே லா காவோ' என்று பதில் சொல்லுங்கள், ஏதோ சமாளிப்பேன் என்று பொருள். ஸ்பானிஷில் அதே சமாளிப்பு பன்மையில், 'மே லாஸ் அர்ரெக்லோ'. கோபத்தில் 'மே லாஸ் பகராஸ்' என்றால் உன்னைச் சும்மா விடமாட்டேன். நன்றாகப் பொழுது போனது என்பதற்கு லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் லா போடுகிறார்கள், ஸ்பெயினில் லோ. பிரெஞ்சில் 'லா ஃபெர்ம்!' என்றால் வாயை மூடு. அங்கே மறைந்திருப்பது வாய் என்ற பெண்பால் சொல். கேட்டால் புரிந்தால் போதும், நீங்கள் சொல்ல வேண்டாம். ருமேனியனில் 'ஓ யா லா ஃபூகா' என்றால் ஓட்டம் பிடிக்கிறான்.

படி 10: லாவைப் பிரித்தறியும் பயிற்சி

ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து எல்லா லாவையும் வட்டமிடுங்கள். அடுத்து பெயர்ச்சொல் வந்தால் ஆர்ட்டிகிள், வினைச்சொல் வந்தால் பிரதிப்பெயர். பிரதிப்பெயர் என்றால் எந்தப் பெயர்ச்சொல்லுக்காக நிற்கிறது என்று பின்னால் தேடி அம்புக்குறி போடுங்கள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது படி 9இன் லாவாக இருக்கலாம்.

இது கை வந்துவிட்டதா என்று பார்க்க இத்தாலியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம்: 'லா வேக்யா போர்த்தா லா ஸ்பார்ரா'. வேக்யா என்றால் கிழவி, போர்த்தா என்றால் சுமக்கிறாள், ஸ்பார்ரா என்றால் கம்பி என்று கொண்டால், கிழவி கம்பியைச் சுமக்கிறாள். வேக்யா என்றால் பழைய, போர்த்தா என்றால் கதவு, ஸ்பார்ரா என்றால் தடுக்கிறது என்று கொண்டால், பழைய கதவு அவளைத் தடுக்கிறது. முதல் வாசிப்பில் இரண்டாவது லா ஆர்ட்டிகிள், மற்றதில் பிரதிப்பெயர். பிரெஞ்சிலும் இதற்கு இணை உண்டு: 'லா பெதீத் ப்ரீஸ் லா க்ளாஸ்'. பெதீத் என்றால் சின்ன அல்லது சிறுமி, ப்ரீஸ் என்றால் இளங்காற்று அல்லது உடைக்கிறாள், க்ளாஸ் என்றால் பனிக்கட்டி அல்லது உறைய வைக்கிறது. இதன் இரண்டு அர்த்தங்களையும் நீங்களே பிரித்து எழுதிப் பாருங்கள்.